பனியனைப் பார்த்துச் செய்த பல்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. உன் வாய் ஒன்பது நாளாக என் மேசை மேல்தான் இருக்கிறது, மேல்வரிசை ஒன்று கீழ்வரிசை ஒன்று, கேட்காமலே தெரிந்துகொள்கிறேன். பார்சலை வீட்டுக்கு அனுப்பாமல் லேபுக்கு அனுப்பியது நல்லது. அப்பா பிரித்திருந்தால் இந்நேரம் தெரு முழுக்க உன் பல்லை எண்ணி முடித்திருக்கும். நீ கடித்துப் பதித்த பல் அளவு சேதமில்லாமல் வந்தது. உங்கள் பாட்டுக் குழுவின் பனியனில் சுற்றி அனுப்பியிருந்தாய். பக்கத்து மேசை மெழுகு அக்கா, பல் வரிசைக்கெல்லாம் மெழுகில் ஈறு வைக்கிறவள், அளவைத் தொடவில்லை, பனியனைத்தான் எடுத்தாள். மேலே வைத்துப் பார்த்து, "எனக்குச் சரியா இருக்கும்டி, உனக்கு வேணாம்ல" என்றாள். ஐம்பத்தேழு வயதில் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போய்வருகிறாள். இருபத்தெட்டு வருஷமாக டாக்டர்கள் அனுப்புகிற அளவைப் பார்த்துப் பல் செய்து கொடுக்கிறேன். உடைந்ததை முழுசாக்கிக் கொடு என்றுதான் சீட்டு வரும். உடைந்த பல் ஒன்று செய்து கொடு என்று வந்த முதல் சீட்டு உன்னுடையது. அதுவும் என்ன சீட்டு. "அம்மா, பழைய உடைஞ்ச பல்லு மாதிரியே ஒண்ணு வேணும், அச்சு அசலா. நீ ஒருத்திதான் செய்ய முடியும். கேள்வி கேக்காத." கேட்கவில்லை. சொல்வதற்குத்தான் நிறைய இருக்கிறது. பல் வேண்டுமென்றால் இதை முழுக்கப் படி.

மூன்றாம் நாள் உன் மேனேஜர் அம்மாள் லேபுக்கே போன் போட்டாள். "மேடம், பல்லு ரொம்ப நேச்சுரலா இருக்கணும்." நான் செய்கிற எல்லாப் பல்லும் அப்படித்தான் இருக்கும், கழற்றிக் காட்டினால் ஒழிய யாருக்கும் தெரியாது என்றேன். "அது இல்ல மேடம், உடைஞ்சது நேச்சுரலா உடைஞ்ச மாதிரி இருக்கணும்." பிறகு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். முதல் ஆல்பம் வந்து பதினைந்து வருஷம் ஆகிறதாம், முப்பத்தொரு ஊராம், அந்தப் பதினொரு பாட்டையும் அதே வரிசையில் பாடப்போகிறீர்களாம். இன்னும் ஒரு மாதத்தில் முதல் ஊர். ஒத்திகைப் படம் ஒன்றை வெளியே விட்டீர்கள், உன் பல்லைப் பார்த்த ரசிகர்கள் பொய்ப்பல் பொய்ப்பல் என்று கூச்சல் போடுகிறார்கள், மேடையிலும் இதே கதையென்றால் ஆல்பம் வெளியிடுகிற கம்பெனி மிச்ச ஊர்களை ரத்து செய்துவிடும், அதோடு குழு முடிந்தது. இதை அழுகிற குரலில் சொன்னாள். ஒரு பல்லின் மூலையில் நான்கு பேர் பிழைப்பு தொங்குகிறது என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தப் படத்தை மெழுகு அக்கா தன் போனில் காட்டினாள். ஏதோ சரியில்லை என்று ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கிறது, என்ன சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. உன் பல்லில் உடைந்தது கன்னத்துப் பக்கத்து மூலை. அங்கே உனக்குப் பல் கட்டின ஆள் செய்து வைத்திருப்பதில் மூக்குக்கு நேர் கீழே இருக்கிற மூலை இல்லை. சரிவு திரும்பிக்கொண்டுவிட்டது. எந்தத் தொழில்காரனும் செய்யாத தப்பு இது, எப்படிச் செய்தான் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை மெழுகு அக்கா அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு வந்து எதிரே நின்றாள், விடை அவள் மேலேயே இருந்தது. பனியனில் உங்கள் சின்னமாகப் போட்டிருக்கிற வாய், இடம் வலம் மாறிய வாய். எவனோ ஒருவன் முதல் தடவை படத்தைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டான், அதற்குப் பிறகு வந்த பனியன், சாவிக்கொத்து, சுவரொட்டி எல்லாம் அதைப் பார்த்தே வந்தவை. உன் பல்லை அந்த ஆள் உன் பனியனைப் பார்த்துச் செய்திருக்கிறான், படத்தில் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே இதிலும் வைத்துவிட்டான். வாய்க்குச் சொந்தக்காரி எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனைக்கூட விட்டுவிடலாம். அவன் யாரோ. ஒன்பது வருஷம் நாக்கால் தடவிக்கொண்டிருந்த மூலை எது என்று உனக்கே மறந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டியிருக்கிறாய். அதுதான் எனக்கு எரிச்சல்.

இதற்காகவா இத்தனை வருஷம் என்று தோன்றுகிறது. ஆரம்பத்திலிருந்து பார்த்தவள் நான். பத்தொன்பது வயதில் கல்லூரியைப் பாதியில் விட்டாய். டைல்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை, ஜன்னல் இல்லை, சத்தம் வெளியே போகாமல் சுவர் முழுக்க முட்டை அட்டை. நெட்டையன் கிதார், மௌனசாமி பேஸ் கிதார், தட்டுமுட்டு டிரம்ஸ், நீ பாட்டு. பாட்டு என்றால் மூச்சு விடாமல் ஒரு புகார், இரண்டு நிமிஷம் பத்து செகண்ட். கிதாரில் மூன்று இடத்தில் விரல் வைக்கத் தெரிந்தால் போதும் ஆன்ட்டி என்று நெட்டையனே என்னிடம் சொன்னான். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னான். பாப் பங்க் என்றால் என்னம்மா என்று அப்பா கேட்டார். "கோபமா இருக்கணும்பா, ஆனா கேட்டா குதிக்கத் தோணணும்" என்றாய். "உங்கம்மா மாதிரின்னு சொல்லு" என்றார். இரண்டு பேரும் சிரித்தீர்கள், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மறு வருஷம் டயர் குடோனுக்குப் பின்னால் ஒரு ஹாலில், நாற்பது பேர் முன்னால், எவனோ குதித்த குதியில் மைக் வந்து உன் வாயில் அடித்தது. நீ நிறுத்தவில்லை. ரத்தத்தோடு மிச்ச நான்கு பாட்டையும் பாடினாய். யாரோ படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் முதல் ஆல்பத்தின் அட்டை. எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும், நீ வீட்டுக்கு வந்து கதவருகில் நின்று ஹலோ சொன்னபோது. லேபுக்கு அழைத்துப் போய் அளவெடுத்தேன். முழுப் பல் ஒன்று செய்தேன். நிறம் பார்க்க நான்கு தடவை ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனேன். நீ போட மாட்டேன் என்றாய். "இது இப்ப என் முகம்மா" என்றாய். ஊரில் பாதிப் பேருக்கு அறுபது வயதிலும் தெரியாத விஷயம், உனக்கு இருபதில் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு உங்கள் பாடுதான் அமர்க்களம். பதினொரு பாட்டு, இருபத்தாறு நிமிஷம். வேனில் தூங்கி, பெட்ரோல் நிலையத்தில் முகம் கழுவி, ஊர் ஊராகப் போனீர்கள். ஒன்பதாவது பாட்டில் ஒரு பொம்பளை வாயைத் திற, வாயைத் திற என்று கத்திக்கொண்டே இருப்பாள், நீ திறக்க மாட்டாய். நான்காவது முறை கேட்டபோதுதான் அந்தப் பொம்பளை யார் என்று எனக்குப் புரிந்தது. உடைந்த மூலை வழியாகக் காற்று போய் ஸ வருகிற இடமெல்லாம் சீட்டியடித்தது. நல்ல பல் இருக்கிற பிள்ளைகள் அதைப் பழகிக்கொண்டு சீட்டியடித்துப் பேசினார்கள். பல் மூலையில் கறுப்புப் பசை தடவிக்கொண்டு கச்சேரிக்கு வந்தார்கள். ஒருத்தி பல்லை அரத்தால் அராவிக்கொண்டாள். அவளுக்குப் பல் மேல் மாட்டுகிற கேப் செய்யச் சொல்லி அளவு எங்கள் லேபுக்கே வந்தது. சீட்டில் பாதிப்புக்குக் காரணம் என்று எழுதுகிற இடத்தில் டாக்டர் உங்கள் குழுவின் பெயரை எழுதியிருந்தார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, காகிதம் பாவம். லேபுக்கு எதிர்ச் சுவரில் உன் வாய் ஆறடி அகலத்துக்கு ஒட்டியிருந்தபோது முதலாளி டீ குடித்துக்கொண்டே, "ஏம்மா, ஊருக்கெல்லாம் பல்லு கட்டி அனுப்புறோம், உங்க வீட்டுப் பிள்ளை ஓட்டைப் பல்லோட நம்ம வாசல்லயே நின்னு சிரிக்குது, இது கடைக்கு விளம்பரமா, வயித்தெரிச்சலா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. இரண்டாவது ஆல்பம் இன்னும் பெரிசாகப் போனது. யார் பேச்சையும் கேட்காதே என்று ஊரை எதிர்த்து நீ கத்தின பாட்டு ஷாம்பூ விளம்பரத்தில் வந்தது. அந்தப் பெண் தலையை ஆட்டுகிற வேகத்துக்கு உன் கோபம் கச்சிதமாகப் பொருந்தியது. அப்பா தன் பள்ளி பஸ்ஸில் அந்த ஆல்பத்தைப் போட்டுவிட்டார், மூன்றாவது பாட்டில் வருகிற வார்த்தையை நாற்பத்திரண்டு குழந்தைகள் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போயின. தலைமையாசிரியை கூப்பிட்டு விளக்கம் கேட்டாள். "என் மகள் பாட்டு மேடம், அந்த வார்த்தை வேகத்துல வந்துடுச்சு" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வேகத்தில் வந்ததாம்.

பிறகு மூன்றாவது ஆல்பம். வளர்ந்துவிட்டோம் என்று பேட்டி கொடுத்தாய். இருபது வயலின். மெதுவான பாட்டுகள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம், எல்லாவற்றிலும் மழை பெய்தது. அட்டையில் நீ வாயை மூடிக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த மூடின உதட்டைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. மேலுதடு முன்னைவிட ஒரு நூல் உப்பலாக இருந்தது. விடாமல் கேட்டபிறகு சொன்னாய். பல் செத்துச் சாம்பல் நிறமாகி, வேரில் சீழ் வைத்து, பிடுங்கிவிட்டார்கள். எலும்பில் திருகாணி போட்டு, அதன் மேல் முழுக் கேப். உன் முகம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த பல். அதைப் பிடுங்கும்போது ஒரு போன் கிடையாது, பதிலுக்கு வைத்த கேப்பை யாரோ செய்திருக்கிறார்கள், உன் அம்மா நான் இங்கே ஊரானுக்குப் பல் செய்துகொண்டிருக்கிறேன். ஆல்பத்தை யாரும் சீந்தவில்லை. மெழுகு அக்கா மட்டும் வாங்கினாள், கேட்டதற்கு, "தூக்கம் நல்லா வருதுடி" என்றாள். கம்பெனி உங்கள் போனை எடுப்பதை நிறுத்தியது. நெட்டையன் ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்துகிற வேலைக்குப் போனான். நீ குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாய். அந்த வருஷமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசினாய், என்ன சமைத்தாய் என்று என்னைக் கேட்டாய். அதை நான் தோல்வி என்று நினைக்கவில்லை. நீ நினைத்தாய்.

இப்போது கம்பெனிக்கு ஞாபகம் வந்துவிட்டது. சந்தோஷம். நெட்டையன் வழுக்கைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான். தட்டுமுட்டு இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான், எழுந்திருக்கும்போது கையூன்றுகிறான், படத்தில் பார்த்தேன். மௌனசாமி இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. முதல் பாட்டின் முதல் வரி, எனக்கு இருபது வயசு, எனக்கு யாரும் எதுவும் சொல்லாதே. அதை முப்பத்தைந்து வயதில் பாடுவாய். கீழே நிற்கிறவர்களுக்கும் முப்பத்தைந்து. வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். எல்லோருமாகச் சேர்ந்து எனக்கு இருபது வயசு என்று கத்துவீர்கள். அதை ஒருவரும் பொய் என்று சொல்ல மாட்டார்கள். பல் மட்டும் அசலாக இருக்க வேண்டும். நான் அதிகம் படித்தவள் இல்லை, ஆனால் எதை எங்கே ஒட்டினால் நிற்காது என்பது எனக்குத் தெரியும், அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

திட்டிவிட்டேன். இனி வேலை விஷயம். அளவில் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்து மேசையில் வைத்துப் பார்த்தேன். அதை ஏன் அவசரப்பட்டுப் பார்த்தோம் என்று ஆகிவிட்டது. மேல் பல், கீழ்ப் பல் எல்லாவற்றுக்கும் விளிம்பு மழமழவென்று தட்டையாக இருக்கிறது. சாப்பிட்டுத் தேய்ந்தால் அப்படித் தேயாது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாய். ஒரு மாதம் இரண்டு மாதமாக இல்லை, ஐந்தாறு வருஷமாகக் கடிக்கிறாய். கீழே ஒரு பல்லில் விரிசல். ஒரு பக்கமாகவே மெல்லுகிறாய். கடைவாயில் அதற்கான பள்ளம் வலது பக்கம் மட்டும் இருக்கிறது. போன வாரம் போனில், "நல்லாத்தான் இருக்கேன்மா, நீ சும்மா இரு" என்றாய், நானும் சரி என்று வைத்துவிட்டேன். குரலைச் சரிசெய்துகொண்டு பேச உனக்குத் தெரியும், அதுதான் உன் வேலை. பிளாஸ்டருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. மெழுகு அக்கா, "அளவு சரியா வரலையா" என்று கேட்டாள். ரொம்பச் சரியாக வந்திருக்கிறது என்றேன்.

பழைய அச்சு என்னிடம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு மேல் லேபில் எதையும் வைப்பதில்லை, உன்னுடையதை மட்டும் முதலாளி கண்ணில் படாமல் பீங்கான் தூள் டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். அதைப் பார்த்து முதல் பல்லைச் செய்தேன். முழுப் பல்லைச் செய்து உடைக்கவில்லை, அரம் போட்ட இடம் அரம் போட்ட மாதிரிதான் இருக்கும். உடைந்த பல்லாகவே வளர்த்தேன். பீங்கானை நனைத்து அடுக்கடுக்காக வைத்து, ஐந்து முறை சூளையில் ஏற்றி இறக்கி, கன்னத்துப் பக்கத்துச் சரிவு, அதன் நடுவில் இருந்த சின்னப் படி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல்வரை. இருபத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக நான் ஒரு வேலை செய்ததில்லை. மெழுகு அக்கா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அட்டைப் படத்துப் பல்லுடி" என்றாள். எனக்கும் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. பிறகு அதைப் புது அச்சில் பொருத்தினேன். இருபது வயதுப் பெண் யாரோ ஒருத்தியின் பல்லைக் கொண்டுவந்து உன் வாயில் செருகின மாதிரி இருந்தது. சுற்றியிருக்கிற பல்லெல்லாம் பதினைந்து வருஷம் தேய்ந்து குட்டையாகி நிறம் மங்கி நிற்கிறது, நடுவில் இது மட்டும் நேற்று உடைந்த கூர்மையோடு பளபளக்கிறது. பனியனைப் பார்த்துச் செய்தவனுடையதைவிட மோசம். அவன் சரிவைத்தான் மாற்றினான். நான் ஒரு நூல்கூட பிசகாமல் செய்தேன், அதனாலேயே பல் இளித்தது.

இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. மற்றவர்கள் வேலையைப் பார்த்தேன். உடைந்த பல்லை நீ பிடுங்காமல் வைத்திருந்தால் அது இப்போது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உடைப்பும் தேயும். நாக்கு தடவித் தடவி, உதடு உரசி உரசி, கூர்மை போய் விளிம்பு உருண்டுவிடும். படி மறைந்துவிடும். மூலை அப்போதும் இல்லைதான், ஆனால் அது ஒரு காயம் மாதிரி இருக்காது, அந்தப் பல்லின் வடிவமே அதுதான் என்கிற மாதிரி இருக்கும். லேபுக்கு வந்திருக்கிற அச்சுகளில் முன்பல் உடைந்து ரொம்ப வருஷம் அப்படியே விட்டவர்களுடையதைத் தேடினேன். ஏழு கிடைத்தன. ஒரு தையல்காரி, ஒரு லாரி டிரைவர், ஒரு ரிட்டயர் ஆன நர்ஸ், மற்றவர்கள் யாரென்று தெரியவில்லை. ஏழையும் வரிசையாக வைத்துப் பார்த்துப் பார்த்து இரண்டாவது பல்லைச் செய்தேன். நிறத்தில் கொஞ்சம் மஞ்சள், கழுத்தில் கொஞ்சம் சாம்பல். புது அச்சில் வைத்தபோது கண் அதன்மேல் நிற்கவில்லை, வாய் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் அதற்கு வந்தது. அப்போது தெரிந்தது சரியாக வந்துவிட்டது என்று. இந்தப் பல்லைத்தான் அனுப்புகிறேன். முதல் பல்லை அனுப்பவில்லை. கேட்கவும் வேண்டாம், சுத்தியலால் தட்டிவிட்டேன். அதைத் தனக்குத் தருவேன் என்று நினைத்துக்கொண்டிருந்த மெழுகு அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உன் மேனேஜர் அம்மாள் இதைப் பார்த்தால் கத்துவாள். சுவரொட்டியில் இருக்கிற பல் இல்லை என்பாள். இல்லைதான். சுவரொட்டியைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டச் சொல், வாயை இந்தத் தடவையாவது சரியான பக்கம் போடச் சொல். ஸ வருகிற இடத்தில் சீட்டி வரும், மெதுவாக வரும், முன்வரிசைக்குக் கேட்டால் அதிகம். ரசிகர்கள் இது அது இல்லையே என்றால் அவரவர் பல்லை நாக்கால் தடவிப் பார்க்கச் சொல். இந்தப் பல்லை வைத்துக்கொண்டு எனக்கு இருபது வயசு என்று உன்னால் பாட முடியாது என்று எனக்குத் தெரியும். அந்த வரியை என்ன செய்வது என்று நீ பார்த்துக்கொள். பாட்டு எழுதுகிறவள் நீ, நான் பல் செய்கிறவள். வேண்டாம் என்றால் திருப்பி அனுப்ப வேண்டாம், முன்பு வைத்திருந்த முழுக் கேப்பையே திரும்ப வைத்துக்கொண்டு மேடை ஏறு, அதற்கும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பனியன்காரன் செய்ததைப் போட்டுக்கொண்டு மட்டும் ஏறாதே. முப்பத்தொரு ஊருக்குத் தெரியாவிட்டாலும் இங்கே எனக்குத் தெரியும், மெழுகு அக்காவுக்குத் தெரியும்.

வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, பஸ்ஸில் கிளட்சை மிதிக்கும்போது முனகுகிறார், டாக்டரிடம் போகச் சொன்னால் டாக்டருக்கே வலிக்கிறதாம், போய்ப் பார்த்தேன் என்கிறார். அண்ணன் புது வீட்டுக்கு மாறிவிட்டான், மூன்றாவது மாடி, லிஃப்ட் இருக்கிறது, ஓடுவதில்லை. அவன் சின்ன மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, உன் படத்தைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அத்தையைவிட எனக்கு ஒண்ணு ஜாஸ்தி என்று எல்லோரிடமும் காட்டுகிறாள். கடைசி ஊர் கச்சேரிக்கு வரவேண்டும் என்று அப்பா நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார். நான் வருவதாகச் சொல்லவில்லை. அவ்வளவு சத்தத்தில் எனக்குத் தலை வலிக்கும். பார்க்கலாம்.

நீயும் அந்த மூன்று பேரும் நன்றாக இருங்கள், யாருக்கும் அடிபடாமல் முப்பத்தொரு ஊரையும் பாடி முடியுங்கள், அதற்கு என் ஆசி உண்டு, மற்றதற்கெல்லாம் யோசித்துச் சொல்கிறேன். பல் ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து இருக்கிறது, கூரியர் நாலு நாளில் கொண்டு வரும், கையெழுத்து நீயே போட்டு வாங்கு. அதோடு ஒரு பிளாஸ்டிக் தட்டும் இருக்கிறது, நீ கேட்கவில்லை, நானாகச் செய்தது. படுக்கும்போது மேல்வரிசையில் மாட்டிக்கொள், பல் கடிக்காது. வேனில் தூங்கினாலும் மாட்டு, எவன் சிரித்தாலும் மாட்டு. கேப்பை டாக்டர்தான் ஒட்ட வேண்டும், நெட்டையன் பசை வைத்திருக்கிறான் என்று அவனிடம் போகாதே. கடித்துப் பார்க்க நீலக் காகிதம் வைப்பார்கள், அவசரம் என்று பொய் சொல்லாமல் உறுத்துகிற இடத்தைக் காட்டு. பொருத்திய அன்றே ஒத்திகைக்கு ஓடாதே. புதுப் பல் வாயோடு பழக ஒரு வாரம் ஆகும். அதை வைத்து இரண்டு பக்கமும் மென்று சாப்பிடு. பேசு. யாரையாவது நன்றாகத் திட்டு. திட்ட ஆள் கிடைக்காவிட்டால் எனக்குப் போன் செய்.

இப்படிக்கு,
அம்மா